ஏ9 இலிருந்து எவ்வளவு தூரம்: கொரோனாக் காலத்து வன்னியின் தாய் சேய் சேவை, ஒரு மதிப்பீடு

அரசின் தாய் சேய் சேவைக்குக் கட்டணம் கிடையாது. கர்ப்பப் பதிவு அட்டை ஒன்று, பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேடு ஒன்று, தடுப்பூசி அட்டவணை ஒன்று, கொழும்பிலிருந்து வரும் சுற்றறிக்கையும் ஒன்று. ஆக, வவுனியா வைரவபுளியங்குளத்தில் இருக்கும் கர்ப்பவதிக்கும் துணுக்காய்ப் பக்கம் ஐயன்கன்குளத்தில் இருப்பவருக்கும் அரச சுகாதார சேவை தாளில் ஒன்றேதான். 2020 மார்ச் 20 இல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. 2021 மே 21 இல் பயணத்தடை. அதே ஆண்டு ஓகஸ்ட் 20 முதல் ஒக்ரோபர் 1 வரை மறுபடியும் முடக்கம். இந்த மூன்று தடவையும் அந்தச் சேவை வவுனியா, மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு என்ற நான்கு மாவட்டங்களிலும் ஒரே தரத்தில் ஓடவில்லை. கட்டடம் போதாது, ஆளணி போதாது என்றுதான் பலரும் காரணம் சொல்வார்கள். எங்கள் கணிப்பில் அதைவிடப் பெரிய காரணம், வீடு, யாழ்ப்பாணத்துக்குப் போகும் பிரதான பாதையான ஏ9 வீதியிலிருந்து எவ்வளவு உள்ளே இருக்கிறது என்பதுதான். நகரத்தை மனதில் வைத்து எழுதிய விதிகள் உள்ளே போகப் போக உதவாமல் போயின.

மதிப்பிட ஓர் அளவுகோல் வேண்டுமே. தாய் சேய் பராமரிப்புக்கு உலக சுகாதார நிறுவனம் 2016 இல் எட்டுத் தரநியமங்களை வெளியிட்டது. சரியான வைத்தியம், பதிவேடு, இடமாற்றம், தாயோடு பேசும் விதம், மரியாதை, மனத் துணை, தேர்ந்த ஆளணி, அடிப்படை வசதி ஆகியவைதான் அவை. இதே நியமங்களை வைத்து ஐரோப்பாவில் 12 நாடுகளில், கொரோனாக் காலத்தில் பிள்ளை பெற்ற தாய்மாரிடமே கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். கர்ப்பகாலப் பராமரிப்பைப் பெறச் சிரமப்பட்டோம் என்றவர்கள் 41.8 வீதம். விரும்பிய துணையாளை உள்ளே விடவில்லை என்றவர்கள் 62 வீதம். வசதியான நாடுகளின் நிலையே இது. வன்னியை எடைபோடும்போது இதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

களச் சேவை: 5 இல் 4½

நான்கு மாவட்டத்திலும் அதிகம் தாக்குப்பிடித்தது குடும்பநல உத்தியோகத்தரின் சேவை. 'மிட்வைஃப் மிஸ்' என்றால்தான் ஊருக்குத் தெரியும். பஸ் ஓடாத நாட்களில் இரும்புச்சத்துக் குளிசையும் திரிபோஷாச் சத்துமாவும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது இவர்களால்தான். அரைப் புள்ளியைக் குறைத்ததற்கு அவர்கள் காரணமில்லை, கணக்குத்தான் காரணம். 3,000 முதல் 5,000 பேருக்கு ஒருவர் என்று சனத்தொகையை வைத்துத்தான் பிரிவு ஒதுக்கப்படுகிறது. 2012 குடிசன மதிப்பீட்டில் முல்லைத்தீவு மாவட்டத்தில் இருந்தவர்கள் ஏறத்தாழ 92,000 பேர், நிலப்பரப்போ 2,500 சதுர கிலோமீற்றருக்கு மேல். கொழும்பில் ஒரு ஒழுங்கைக்குள் முடிகிற எண்ணிக்கை இங்கே மூன்று குளத்துக்கும் இரண்டு காட்டுத் துண்டுக்கும் அப்பால் சிதறிக் கிடக்கிறது. ஒரே எண்ணிக்கை வீடுகள்தான், ஆனால் ஓட வேண்டிய தூரம் பல மடங்கு.

கிளினிக்கில் சனம் கூடக்கூடாது என்று தொலைபேசி விசாரிப்பு வந்தது. நல்ல ஏற்பாடுதான், எல்லை தெரிந்து பயன்படுத்தினால். தலையிடி, கண் மங்கல், மேல்வயிற்று நோவு, இரத்தப்போக்கு, நீர்க்கசிவு, பிள்ளையின் துடிப்புக் குறைவு, காய்ச்சல், மூச்சுமுட்டு எல்லாம் போனில் கேட்கலாம். பிரஷர், சிறுநீரில் புரதம், கருப்பையின் உயரம், தாயின் நிறை ஆகிய நான்கையும் போனில் பார்க்க முடியாது. ஆபத்து பெரும்பாலும் இந்த நான்கில்தான் ஒளிந்திருக்கும். பிரஷர் 150/100 இல் நிற்கும் ஒருவருக்குத் தலையிடிகூட இல்லாமலிருக்கலாம். 'சுகமா இருக்கிறன் மிஸ்' என்ற பதிலை அட்டையில் எழுதி மூடிவைத்த இடங்களில்தான் வலிப்பு வந்த பிறகு ஓடவேண்டி வரும். இதில் உட்கிராமங்களுக்கு இரட்டை அடி. சிக்னல் பிடிக்காததால் போன் விசாரிப்பும் பாதி, பஸ் இல்லாததால் நேரில் பார்ப்பதும் பாதி.

இலக்கம் காட்டும் பிரஷர் மெசினை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டவர்களும் உண்டு. வாங்குவதென்றால் மேற்கையில் கட்டும் வகையை வாங்குங்கள், மணிக்கட்டு வகை வேண்டாம். கைப்பட்டியின் அளவைப் பாருங்கள். பருத்த கைக்குச் சிறிய பட்டியைக் கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும், மெலிந்த கைக்குப் பெரிய பட்டியைக் கட்டினால் இருக்கிற பிரஷரை மறைக்கும். பிந்தியதுதான் ஆபத்து. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கால்களை நிலத்தில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் வைத்து, கதைக்காமல் எடுக்க வேண்டும். 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் அன்றைக்கே மிஸ்ஸுக்குச் சொல்ல வேண்டும். 160/110 என்றால் யாரிடமும் கேட்டுக்கொண்டு நிற்காமல் வாகனம் ஏற வேண்டும்.

கிளினிக்: 5 இல் 3

நேரம் பிரித்துக் கொடுத்த கிளினிக்குகள் கொரோனா தந்த நன்மை. எட்டு மணிக்கே எல்லாரையும் வரச்சொல்லி மதியம்வரை வாங்கிலில் இருத்தும் பழக்கம் அப்போதாவது உடைந்தது. பல இடங்களில் அது திரும்பி வந்துவிட்டது என்பது வேறு விடயம்.

பிழையாய்ப் போனது முதல் பதிவு. எட்டு வாரத்துக்குள் பதிய வேண்டிய கர்ப்பம் ஊரடங்கில் பதினாறு, இருபது வாரம் என்று தள்ளிப்போனால் நட்டம் என்ன? போலிக் அமிலம் பிந்துகிறது, அது வெளியே தெரியாத நட்டம். இரத்த வகை, ஈமோகுளோபின், வி.டி.ஆர்.எல். (சிபிலிஸ் நோய்க்கானது), எச்.ஐ.வி. பரிசோதனைகள் பிந்துகின்றன. எல்லாவற்றிலும் நீண்ட காலம் துரத்துவது திகதி. பதினான்கு வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கானில்தான் பிள்ளையின் வயது சில நாள் வித்தியாசத்துக்குள் பிடிபடும். முப்பது வாரத்தில் எடுத்தால் இரண்டு மூன்று வாரம் அங்கே இங்கே போகும். பிரஷர் ஏறி 'பிள்ளையை எடுப்பதா, பொறுப்பதா' என்ற கேள்வி வரும்போது 33 வாரமா 36 வாரமா என்று தெரியாவிட்டால் எந்த நிபுணராலும் சரியான பதில் சொல்ல முடியாது. நுரையீரலை முதிரவைக்கும் டெக்சாமெதசோன் (6 மில்லிகிராம் வீதம் 12 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நான்கு ஊசி) போடுவதா என்பதும் அந்தத் திகதியில்தான் தொங்குகிறது.

சீனிப் பரிசோதனைக்கும் அதே கதி. 24 முதல் 28 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துவிட்டு இரண்டு மணித்தியாலம் காத்திருந்து இரத்தம் கொடுக்க வேண்டும். கூட்டத்தில் இரண்டு மணித்தியாலம் இருக்கப் பயந்து தவிர்த்தவர்கள் அதிகம், தவிர்ப்பதைக் கண்டும் காணாமல் விட்டவர்களும் உண்டு. வேப்பமரத்துக்குக் கீழே கதிரை போட்டால் தீர்ந்துபோகிற பிரச்சினை இது. அடுத்த தொற்று வந்தால் இதைத் தவறாமல் கேளுங்கள்.

தடுப்பூசி பற்றி ஒரு சொல். இலங்கையில் கர்ப்பவதிகளுக்குக் கொரோனாத் தடுப்பூசி 2021 ஜூனில் தொடங்கியது, சினோபார்ம்தான் அதிகம் போடப்பட்டது. டெல்டா பரவிய மாதங்களில் கடைசி மூன்று மாதக் கர்ப்பிணிகளுக்குத்தான் வருத்தம் கடுமையாகியது. பெரிய வயிறு நுரையீரலை மேலே தள்ளுவதும், உடம்புக்கு ஒட்சிசன் கூடத் தேவைப்படுவதும் காரணம். 'வயித்துப் பிள்ளைக்கு ஆகாது' என்ற கதை வட்ஸ்அப்பில் சுற்றிய வேகத்துக்கு ஈடுகொடுத்து வீட்டு வாசலில் நின்று விளங்கப்படுத்தியது மறுபடியும் மிட்வைஃப் மிஸ்தான்.

மாவட்ட எல்லையும் உண்மையான தூரமும்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். சேவை மாவட்டம் மாவட்டமாகக் கட்டப்பட்டிருக்கிறது. வவுனியா, மன்னார், கிளிநொச்சி ஆகிய நகரங்களிலும் முல்லைத்தீவில் மாஞ்சோலையிலும் மாவட்டப் பொது வைத்தியசாலைகள் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே செட்டிகுளம், மல்லாவி, புதுக்குடியிருப்பு, மாங்குளம் போன்றவை. மேலே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை. வரைபடத்தில் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் துணுக்காய், மல்லாவிச் சனத்துக்குத் தங்கள் மாவட்டத்து மாஞ்சோலையைவிடக் கிளிநொச்சி கிட்ட. நெடுங்கேணியாருக்கு வவுனியாவும் மாஞ்சோலையும் ஏறத்தாழ ஒரே தூரம். பூநகரியார் சங்குப்பிட்டிப் பாலம் 2011 இல் திறந்த பிறகு யாழ்ப்பாணத்தையே பார்க்கிறார்கள். கொக்கிளாய்க்குத் தெற்கே கடல்நீரேரி, பாலம் கிடையாது. வடக்கே ஏறி வருவதைத் தவிர வழியில்லை.

சாதாரண நாளில் சனம் தனக்குத் தோதான பக்கம் போகும், யாரும் தடுப்பதில்லை. மாவட்டம் தாண்டும் தடை வந்தபோதுதான் கோடு கோடாகவே நின்றது. நோயாளியைச் சோதனைச் சாவடியில் மறிக்கக் கூடாது என்பதுதான் விதி. ஆனால் வாடகைக்கு ஓடும் ஓட்டோக்காரருக்கும் வான்காரருக்கும் திரும்பி வெறும் வண்டியோடு வரும்போது என்ன நடக்கும் என்ற பயம். பாஸ் எடுக்கக் கிராம அலுவலரைத் தேடி ஓர் அரை நாள். எனவே 36 வாரம் தாண்டியவர் எல்லாருடைய அட்டையிலும் 'பேறுக்குப் போகும் ஆஸ்பத்திரி இது, மாற்று இது' என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையே எழுதி முத்திரை குத்திக் கொடுப்பதுதான் சரியான வழி. அந்த ஒரு வரி சாவடியில் பாஸாகவும், ஆஸ்பத்திரி வாசலில் 'ஏன் இங்கே வந்தீர்கள்' என்ற கேள்விக்குப் பதிலாகவும் வேலை செய்யும்.

இன்னொரு நகரத்து விதி: 'நோ தொடங்கிய பிறகு வந்தால் போதும், முன்கூட்டி வந்து வோட்டில் கிடக்காதீர்கள்.' தொற்றைக் குறைக்க இது நியாயமான அறிவுரை, கிளிநொச்சி டிப்போச் சந்தியில் வீடு என்றால். மழைக்காலத்தில் வட்டுவாகல் பாலத்தில் தண்ணீர் ஏறும் நாளில், அல்லது இரவில் யானை இறங்கும் காட்டு வீதியில் இருக்கும் வீட்டுக்கு இதே அறிவுரை பேறை வாகனத்துக்குள் நடத்தச் சொல்வதற்குச் சமன். தலைப்பிள்ளைக்காரருக்காவது நேரம் கிடைக்கும். இரண்டாவது, மூன்றாவது பிள்ளை என்றால் நோக்குத்துச் சீராக வரத் தொடங்கி இரண்டு மூன்று மணித்தியாலத்தில் பிள்ளை கையில். முன்பு வெட்டுப் பேறு (சிசேரியன்) நடந்தவர், இரட்டைப்பிள்ளை, பிள்ளை குறுக்கே அல்லது கால்பக்கமாக இருப்பவர், முந்திய பேற்றில் இரத்தம் போனவர், பிரஷர்காரர் ஆகியோர் வன்னியின் உட்பகுதியில் இருந்தால் தொற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாளுக்கு முன்பே போய்ச் சேர வேண்டும். நோ இல்லாமல் நீர்க்குடம் உடைந்தாலும் உடனே கிளம்ப வேண்டும்.

வாகனம்: தாய்க்கு 3, குழந்தைக்கு 1½

1990 சுவசெரிய என்ற அம்புலன்ஸ் சேவை வடக்குக்கு 2018 இல் வந்தது. கொரோனாக் காலத்தில் அது இல்லாமல் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசிக்கவே வேண்டாம். இலவசம், தமிழில் பேசலாம், வண்டிக்குள் பயிற்றப்பட்டவர் இருப்பார். அழைக்கும்போது கோயில், பாடசாலை, சந்தி, குளக்கட்டு என்று அடையாளம் சொல்லுங்கள். வன்னியின் குடியேற்றத் திட்டங்களில் வீட்டு இலக்கம் எதற்கும் உதவாது. எத்தனை மாதம், எத்தனையாவது பிள்ளை, நோ எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை, இரத்தமா நீரா, காய்ச்சல் அல்லது தனிமைப்படுத்தல் உண்டா என்பதையும் சொல்லுங்கள். கடைசியதை மறைத்தவர்களால் வண்டி ஊழியர் முழுக்குழுவும் தனிமைப்படுத்தப்பட்டு அந்தப் பிரதேசத்துக்கே வண்டி இல்லாமல் போகும்.

ஆனால் 1990 வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குத்தான். ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது சுகாதாரத் திணைக்கள அம்புலன்ஸின் வேலை. சிறிய ஆஸ்பத்திரியில் ஒரு வண்டியும் ஒரு சாரதியும் இருந்தால், அந்த வண்டி தொற்றுக்காரரை ஏற்றிப் போய்க் கழுவிக் காயும்வரை அடுத்தவர் காத்திருக்க வேண்டும்.

ஒட்சிசன் கணக்கை ஏற்றும் முன்னே போடாததும் ஓர் அடிப்படைப் பிழை. பத்து லீற்றர் கொள்ளளவுள்ள சிலிண்டரை முழுதாக நிரப்பினால் ஏறத்தாழ 1,500 லீற்றர் ஒட்சிசன். நிமிடத்துக்கு 10 லீற்றர் போனால் 150 நிமிடம், 15 லீற்றர் போனால் 100 நிமிடம். முல்லைத்தீவிலிருந்து பரந்தன் வழியாக யாழ்ப்பாணம் ஏறத்தாழ 110 கிலோமீற்றர். முகமூடியில் 15 லீற்றரில் ஒருவரை ஏற்றினால் ஆனையிறவு தாண்டும்போதே மீட்டரின் முள் சிவப்புக்கு வந்துவிடும். அரைவாசி சிலிண்டரோடு புறப்பட்டால் அதுவும் இல்லை. இரண்டாவது சிலிண்டரும், அதைத் திறக்கும் சாவியும் வண்டிக்குள் இருக்கின்றனவா என்று ஏற்றும் தாதி பார்ப்பது நல்லது. சாவி மறந்த கதைகள் இந்தத் துறையில் பழசு.

பிரஷர் ஏறி வலிப்பு வரும் நிலையில் உள்ளவரை மருந்து போடாமல் 'அங்கே பார்ப்பார்கள்' என்று ஏற்றிவிடுவது அடுத்த பிழை. வலிப்பைத் தடுக்கும் மக்னீசியம் சல்பேட்டின் முதல் அளவைப் புறப்படும் முன்பே கொடுத்துவிட வேண்டும். நரம்பில் 4 கிராம் மெதுவாக, வழியில் டிரிப் ஓட்ட வசதி இல்லாவிட்டால் தசையில் பக்கத்துக்கு 5 கிராம். முழங்கால் தட்டுக்கு அசைகிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16க்குக் குறையாமல் இருக்கிறதா, சிறுநீர் போகிறதா என்று பார்த்துக்கொண்டு, முறிமருந்தான கல்சியம் குளுக்கோனேட் 10 மில்லிலீற்றரைக் கையோடு வைத்துக்கொண்டு போக வேண்டும். பேறுக்குப் பின் இரத்தம் போகிறவருக்கு இரத்தப்போக்கைக் குறைக்கும் டிரனெக்சாமிக் அமிலம் 1 கிராம். பிள்ளை பிறந்து மூன்று மணித்தியாலத்துக்குள் போட்டால்தான் பலன். அந்த மூன்று மணித்தியாலத்தில் இரண்டை வன்னி வீதி விழுங்கிவிடும் என்பதால் இதையும் புறப்படும் இடத்திலேயே போட வேண்டும்.

பிரசவ அறை: 5 இல் 3½

அன்ரிஜன் பரிசோதனை வந்த பிறகு வாசலில் அரை மணித்தியாலத்தில் முடிவு தெரிந்தது. அதற்கு முன்பு, பி.சி.ஆர். மாதிரி யாழ்ப்பாணத்து ஆய்வுகூடத்துக்குப் போய் முடிவு வரும்வரை தாயைச் 'சந்தேகத்துக்குரியவர்' என்று தனி அறையில் வைத்திருப்பார்கள். தனி அறை இருப்பதில் பிழையில்லை. அங்கே பிள்ளையின் இதயத் துடிப்பை 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்க ஆள் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. பாதுகாப்பு உடை போட்டுக் கழற்ற ஒவ்வொரு முறையும் நேரம் பிடிக்கும், அதனால் எட்டிப் பார்ப்பது குறையும். பெரிய ஆளணி உள்ள இடத்தில் ஒருவரை அந்த அறைக்கே ஒதுக்கலாம். இரவில் இரண்டே பேர் உள்ள இடத்தில் முடியாது. தரம் பிரிந்தது இங்கேதான்.

துணைக்கு ஒரு பெண் நிற்கும் வழக்கம் தொற்றோடு நிறுத்தப்பட்டது பற்றி எங்களுக்குத் தாட்சணியம் இல்லை. அது தேவையற்ற இழப்பு. அன்ரிஜன் பார்த்து, முகக்கவசம் போட்டு ஒரு அம்மாவையோ அக்காவையோ உள்ளே விடுவதால் வரும் ஆபத்து சிறியது. தலைப்பிள்ளைக்காரரின் முதுகைத் தடவித் தண்ணீர் பருக்கி, தாதி கவனிக்காத மாற்றத்தைக் கூப்பிட்டுச் சொல்ல ஆள் இல்லாமல் போவதால் வரும் ஆபத்து பெரியது. துணை இருந்தால் பேறு நேரம் குறைகிறது, வெட்டுப் பேறும் குறைகிறது என்பது பழைய, உறுதியான முடிவு. ஐரோப்பாவின் 62 வீதத்தைச் சாட்டாகக் காட்ட வேண்டாம். அங்கேயும் அது பிழைதான்.

புள்ளி கூடியதற்குக் காரணம், அடிப்படை வேலை குலையவில்லை. இலங்கையில் 99 வீதத்துக்கு மேற்பட்ட பேறுகள் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன, கொரோனாக் காலத்திலும் வீட்டுப் பேறுக்கு நாடு திரும்பவில்லை. பிள்ளை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் கருப்பையை இறுக்கி இரத்தப்போக்கைத் தடுக்கும் ஒக்ஸிரோசின் 10 அலகு, கொடி கத்தரிக்க ஒரு நிமிடமாவது பொறுத்தல், கருப்பையின் இறுக்கத்தைப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தல் ஆகியவை பழக்கத்தில் ஊறிய வேலைகள். ஒக்ஸிரோசினை 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைக்க வேண்டும். மின்வெட்டு நீளும் இடத்தில் குளிர்ப்பெட்டியின் வெப்பமானியைப் பாருங்கள். வெக்கையில் கிடந்த மருந்து ஊசியில் ஏறும், வேலை செய்யாது.

வீட்டில் தனிமைப்படுத்தப்பட்ட கர்ப்பவதிகளுக்கு விரலில் மாட்டி இரத்தத்தின் ஒட்சிசன் அளவைப் பார்க்கும் ஒட்சிமீற்றர் பற்றியும் இங்கே சொல்லிவிடலாம். மருதோன்றியும் நகப்பூச்சும் உள்ள விரலில் மாட்டாதீர்கள், விரல் குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள், இலக்கம் ஆடுவது நிற்கும்வரை ஒரு நிமிடம் பொறுங்கள். கர்ப்பவதிக்கு 95க்குக் கீழே போகவிடக் கூடாது. முற்றத்தில் சில நிமிடம் நடந்துவிட்டுப் பார்க்கும்போது மூன்று புள்ளி இறங்கினாலும் சொல்ல வேண்டும்.

குழந்தை: நான்கு மாவட்டத்திலும் பலவீனமான கண்ணி

தொற்றுள்ள தாயிடமிருந்து குழந்தையைப் பிரிப்பதா என்ற குழப்பம் 2020 இன் தொடக்கத்தில் உலகம் முழுக்க இருந்தது. பிரிக்க வேண்டாம், முகக்கவசம் போட்டுக் கைகழுவித் தாய்ப்பால் கொடுக்கலாம், தோலோடு தோல் அணைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அந்த ஆண்டிலேயே தெளிவாகச் சொன்னது. ஆனாலும் ஒவ்வோர் இடத்திலும் பணியில் இருந்தவர் யார் என்பதைப் பொறுத்து நடைமுறை மாறியது. பிரித்து வைத்தால் முதல் மணித்தியாலத்துப் பால் தவறுகிறது, மார்பு கட்டுகிறது, போத்தல் நுழைகிறது. பிரிக்க வேண்டியே வந்தால், நாளைக்கு எட்டு முறையாவது கையால் பால் பிழிந்து சிறு கோப்பையில் கொடுக்க வேண்டும். இதைத் தாய்க்குச் செய்து காட்ட ஒருவர் வேண்டும்.

நிறை குறைந்த, மாதம் குறைந்த பிள்ளையை மாற்றுவதில்தான் மிகக் குறைவான புள்ளி போட்டோம். கொண்டுபோகும் சூடான பெட்டி எல்லா வண்டியிலும் கிடையாது. துவாயில் சுற்றி ஏசி வண்டியில் ஒன்றரை மணித்தியாலம் கொண்டுபோனால் 1,800 கிராம் பிள்ளையின் உடம்புச் சூடு 36.5க்குக் கீழே இறங்கிவிடும். சூடு இறங்கினால் சீனி இறங்கும், மூச்சு சிரமப்படும். போய்ச் சேரும்போது 'வருத்தமான பிள்ளை' ஆகிவிடும், புறப்படும்போது அது வெறும் சின்னப் பிள்ளைதான்.

இதற்கு மருந்து செலவில்லாதது. பிள்ளைக்குத் தொப்பி, சொக்ஸ், நப்கின் மட்டும் போட்டு, தாயின் நெஞ்சில், அவர் வர முடியாவிட்டால் தகப்பனின் அல்லது அம்மம்மாவின் நெஞ்சில், நிமிர்ந்த நிலையில், தவளைபோல் கைகால் மடித்து, தலை ஒரு பக்கம் திருப்பி, கழுத்து மடியாமல் வைத்துப் பருத்திச் சீலையால் இறுகக் கட்ட வேண்டும். ஏசியை நிறுத்தச் சொல்லுங்கள். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை உதட்டின் நிறத்தையும் மூச்சையும் பாருங்கள். இதுதான் கங்காரு முறை. 1,000 முதல் 1,799 கிராம்வரை நிறையுள்ள பிள்ளைகளை நிலைப்படும்வரை காத்திராமல் பிறந்தவுடனேயே இப்படி அணைத்தால் முதல் 28 நாள் மரணம் 25 வீதம் குறைகிறது என்று, இந்தியாவிலும் நான்கு ஆபிரிக்க நாடுகளிலும் நடத்தி 2021 இல் வெளியான உலக சுகாதார நிறுவன ஆய்வு காட்டியது. ஆனால் தொற்றுப் பயத்தில் பல நாடுகள் அப்போதுதான் இந்த அணைப்பை நிறுத்தின.

அடுத்தது வீடு திரும்பிய பிறகு. கூட்டத்தைக் குறைக்க 24 மணித்தியாலத்தில் அனுப்பினார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் செங்கமாரி உச்சத்துக்கு வருவது மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை. பிள்ளையின் நிறை மிகவும் குறைவதும் அந்த நாட்களில்தான். முதல் ஐந்து நாளுக்குள் ஒரு தடவை, ஆறு முதல் பத்து நாளுக்குள் ஒரு தடவை, பதினான்கு முதல் இருபத்தொரு நாளுக்குள் ஒரு தடவை, நாற்பத்திரண்டாம் நாளளவில் ஒரு தடவை என்று மிஸ் வீட்டுக்கு வரும் அட்டவணை இதற்காகத்தான் இருக்கிறது. வீடு தனிமைப்படுத்தப்பட்டதாலோ, மிஸ்ஸே தனிமைப்படுத்தப்பட்டதாலோ முதல் வருகை தவறினால், மஞ்சளைக் கண்டுபிடிக்க வேண்டியவர் அம்மம்மாதான். ஜன்னல் வெளிச்சத்தில் நெற்றி, நெஞ்சு, உள்ளங்கால் என்று விரலால் அழுத்தி விட்டுப் பாருங்கள். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மஞ்சள் தெரிந்தால், அல்லது பிறந்த முதல் 24 மணித்தியாலத்துக்குள்ளேயே மஞ்சள் வந்தால், இளவெயிலில் காட்டிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே கொண்டுபோங்கள். ஐந்தாம் நாளுக்குப் பின் நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போக வேண்டும். நிறை பிறந்த நாளைவிடப் பத்து வீதத்துக்கு மேல் குறையக் கூடாது. பால் குடிக்க எழும்பாத பிள்ளை 'நல்லா நித்திரை கொள்ளுது' என்று சந்தோசப்படக் கூடாத பிள்ளை.

2024 மே மாதத்தில் கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில் நெதர்லாந்து நிதியுதவியோடு பெண்கள் சுகாதாரத்துக்கான சிறப்பு நிலையம் திறக்கப்பட்டிருக்கிறது. கொரோனாக் காலத்தில் இப்படி ஒன்று ஏ9 வீதியில் இருந்திருந்தால் யாழ்ப்பாணத்துக்கு ஓடிய ஓட்டத்தில் ஒரு பகுதி குறைந்திருக்கும். ஆனால் அங்கே போய்ச் சேரும்வரையான வீதிக்கு அந்தக் கட்டடத்தில் பதில் இல்லை. மல்லாவியிலும் முழங்காவிலிலும் நெடுங்கேணியிலும் உள்ள வண்டிகளில் இரண்டாவது சிலிண்டரும், தாயும் பிள்ளையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டு வர ஒரு பருத்திச் சீலையும், கிளம்பும் முன் நிரப்ப வேண்டிய ஒரு பக்கச் சரிபார்ப்புத் தாளும் இருக்கின்றனவா என்று அந்தந்த ஊர் வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக்கள் அடுத்த கூட்டத்தில் கேட்கட்டும்.